துள்ளிய முயல் துவண்டால்…! மூட்டு நழுவிய காலுக்கு என்ன வைத்தியம்?

"நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்" என்று பிடிவாதக்காரர்களைக் கேலி செய்வது வழக்கம்.

உண்மையிலேயே மூன்று காலோடு வாழும் முயல்கள் உண்டு. அவை சாப்பிடுகின்றன. ஓடுகின்றன. சந்தோஷம் வந்தால் ஆகாயத்தில் துள்ளுகின்றன.

ஆனால், பல முயல்களுக்கு நான்காவது காலையும் காப்பாற்றியிருக்கலாம். வீட்டில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியாததால் அந்தக் கால் போயிருக்கிறது.

காலையில் ஓடியது, மாலையில் இழுத்தது!

ஜோலார்பேட்டையில் ஒரு வீட்டை மனக்கண் முன்னே கொண்டு வாருங்கள்.

தண்டவாளத்துக்குப் பக்கத்துத் தெரு. இரவும் பகலும் ரெயில் சத்தம். அம்மா காலையிலேயே கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர் ஷூ தொழிற்சாலைக்குப் போய்விடுகிறாள். வீட்டில் பாட்டியும், பள்ளிக்கூடத்துக்குப் போகும் சிறுமியும்தான். கூடவே ஒரு வெள்ளை முயல். பெயர் வெள்ளையன்.

வெள்ளையனின் கூண்டு கம்பி வலையால் ஆனது. அடித்தளமும் கம்பிதான்.

ஒரு நாள் என்ஜின் திடீரென்று ஊதுகிறது. முயல் மிரண்டு எகிறுகிறது. பின்னங்கால் கம்பி இடுக்கில் மாட்டிக்கொள்கிறது. முயல் முழுப் பலத்தோடு உதைத்து இழுக்கிறது. "டக்!" அவ்வளவுதான்.

சிறுமி வந்து பார்க்கிறாள். முயல் மூலையில் பதுங்கி இருக்கிறது. ஒரு கால் பக்கவாட்டில் கிடக்கிறது.

"பாட்டி! வெள்ளையன் காலை இழுக்கிறான்!"

"சுளுக்கா இருக்கும்மா. புத்தூர் கட்டு மாதிரி நாமே ஒண்ணு கட்டிவிட்டா சரியாப் போயிடும்."

வட ஆர்க்காட்டுப் பக்கத்து மக்களுக்கு ஆந்திராவின் புத்தூர் கட்டு பழகிய வார்த்தை. பாட்டி சொன்னதில் ஆச்சரியம் இல்லை. ஆனால், அது கை தேர்ந்தவர்கள் மனிதருக்குப் போடும் கட்டு. கட்டு இறுகினால் மனிதன் "ஐயோ, இறுக்குகிறது" என்பான். முயல் சொல்லாது. ரத்த ஓட்டம் நின்று பாதமே அழுகிப் போகலாம். அல்லது முயல் கட்டைக் கடித்துப் பிய்த்துத் தின்றுவிடும். இரண்டும் ஆபத்து.

பஞ்சு உடம்பு, இரும்பு உதை

முயலுக்கு ஏன் இப்படி எளிதில் அடிபடுகிறது?

ஒரு முயலின் எலும்புகள் எல்லாம் சேர்ந்து அதன் எடையில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்குதான். பூனைக்கு 12 அல்லது 13 பங்கு. அதாவது முயலின் எலும்பு மிகவும் லேசானது. ஆனால், பின்னங்கால் சதையோ மிகவும் பலமானது. பலவீனமான வண்டியில் பெரிய என்ஜினைப் பொருத்தியதுபோல!

முயல் பயந்து உதைக்கும்போது, அந்த உதையே அதன் எலும்பை முறித்துவிடும். முதுகெலும்புகூட ஒடிந்துவிடும். குழந்தைகள் முயலைத் தூக்கும்போது பின்பாகத்தைத் தாங்கிப் பிடிக்காவிட்டால் இந்த ஆபத்து உண்டு. காதைப் பிடித்துத் தூக்குவது சினிமாவில் மந்திரவாதி செய்கிற வேலை. வீட்டில் யாரும் செய்யக் கூடாது.

சரியாகத் தூக்குவது எப்படி? ஒரு கையை மார்புக்குக் கீழே கொடுக்க வேண்டும். மறு கையால் பின்பாகத்தை முழுவதும் தாங்க வேண்டும். உடனே நம் வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். சின்னக் குழந்தையாக இருந்தால் தூக்கவே வேண்டாம். தரையில் உட்கார்ந்து தடவிக் கொடுத்தால் போதும்.

சிலர் முயலை மல்லாத்திப் போடுவார்கள். அது அசையாமல் கிடக்கும். "சுகமாகத் தூங்குகிறது" என்பார்கள். அது தூக்கம் அல்ல. பயத்தில் செத்ததுபோல் கிடக்கிறது!

மூட்டு நழுவுவது என்றால் என்ன?

தொடை எலும்பின் நுனி பந்துபோல் உருண்டையாக இருக்கும். இடுப்பு எலும்பில் ஒரு கிண்ணம் இருக்கிறது. பந்து கிண்ணத்துக்குள் உட்கார்ந்து சுழல்வதால்தான் கால் அசைகிறது. நார் போன்ற தசைக் கயிறுகள் பந்தைக் கிண்ணத்தோடு பிடித்து வைத்திருக்கின்றன.

பலமான இழுப்பு விழுந்தால் கயிறு அறுந்து, பந்து வெளியே வந்துவிடும். பெரும்பாலும் அது மேலேயும் முன்னேயும் ஏறிக்கொள்ளும். அதனால் அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரியும்.

இங்கேதான் நேரத்தின் கணக்கு வருகிறது. பந்து வெளியே வந்ததும் சுற்றியுள்ள சதைகள் சுருங்கி இறுகுகின்றன. காலியான கிண்ணத்துக்குள் ரத்தக் கட்டியும் தழும்புச் சதையும் வளர்ந்து இடத்தை அடைத்துக்கொள்கின்றன. முதல் ஒன்றிரண்டு நாட்களுக்குள் டாக்டர் மயக்க மருந்து கொடுத்து, காலை இழுத்துத் திருப்பினால் பந்து உள்ளே போய்விட வாய்ப்பு உண்டு. நாளாக ஆக, வீடு பூட்டியதுபோல் ஆகிவிடும். அப்புறம் கத்திதான்.

அதனால்தான் "ஒரு வாரம் பார்ப்போம்" என்பது முயலின் காலைப் பறிக்கிற வார்த்தையாகிவிடுகிறது.

கால் நழுவியதா, எலும்பு முறிந்ததா என்று கையால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. எக்ஸ்ரே படம்தான் சொல்லும். அதுவும் இரண்டு பக்கமாக எடுக்க வேண்டும். வீட்டில் இழுத்துப் பார்ப்பதும், "சொடக்கு" எடுப்பதும் கூடவே கூடாது. முறிந்த எலும்பாக இருந்தால், அதன் முனை சதையைக் கிழித்துவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் இழுத்தால் அது கால் கோளாறு. இரண்டு பின்னங்காலும் செத்ததுபோல் இழுபட்டு, சிறுநீர் தானாகக் கசிந்தால், முதுகெலும்பு போயிருக்கலாம். அது வேறு கதை. சோகமான கதை. அப்போது முயலை வலியில்லாமல் தூங்க வைத்துவிடலாமா என்று டாக்டர் கேட்கக்கூடும். அதைக் குழந்தைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் நல்லது.

கத்தாத பிராணி

நாய்க்கு வலித்தால் ஊளையிடும். முயல் வாயைத் திறக்காது. வலியைக் காட்டிக்கொண்டால் நரிக்கும் கழுகுக்கும் இரையாகிவிடுவோம் என்பது அதன் ரத்தத்தில் ஊறிய பயம். முயல் கீச்சென்று அலறினால், உயிர் போகும் பயத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே சின்ன அடையாளங்களைப் பார்க்க வேண்டும். கூனிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கண் பாதி மூடியிருக்கும். பல்லை நறநறவென்று கடிக்கும். பிடித்த கொத்தமல்லித் தழையை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. ஏனென்றால், கால் நழுவிய முயல் பல சமயம் காலால் சாவதில்லை. வயிற்றால் சாகிறது!

முயலின் குடல் ஓயாமல் ஓடும் ஆலை. அதற்குள் புல் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். வலி வந்தால் முயல் சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் குடல் நின்றுவிடும். குடல் நின்றால் வாயு சேர்ந்து வலி கூடும். வலி கூடினால் இன்னும் சாப்பிடாது. முயலால் வாந்தியும் எடுக்க முடியாது. 12 மணி நேரம் ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால், அது நள்ளிரவானாலும் அவசரக் கேஸ்தான்.

மாத்திரை டப்பாவைத் தொடாதீர்கள்!

வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைப் பொடி செய்து கொடுப்பவர்கள் உண்டு. மனிதனுக்குச் சாதாரணமாகத் தரும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற மருந்துகளை முயலுக்கு வாய் வழியாகக் கொடுத்தால், குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து, விஷக் கிருமிகள் பெருகி, முயல் செத்துப் போகும். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் பிப்ரோனில் மருந்தும் முயலுக்கு எமன். எண்ணெயும் பற்றும் போட்டால் முயல் நக்கித் தின்றுவிடும்.

வலிக்கு மருந்து வேண்டாமா? கட்டாயம் வேண்டும். டாக்டர் எடை பார்த்து அளந்து கொடுப்பார். வலி குறைந்தால்தான் முயல் வாயில் புல்லை வைக்கும்.

இன்னொரு விஷயம். மயக்க மருந்துக்கு முன் நாயையும் பூனையையும் பட்டினி போடச் சொல்வார்கள். முயலை ராத்திரி முழுவதும் பட்டினி போடக் கூடாது. வாந்தி எடுக்காத பிராணிக்கு அந்தப் பட்டினி தேவையில்லை. போட்டால் குடல்தான் நிற்கும். யாராவது பழக்க தோஷத்தில் பட்டினி போடச் சொன்னால், "முயலுக்குமா, டாக்டர்?" என்று மரியாதையாக ஒரு தரம் கேட்டுவிடலாம்.

எங்கே கொண்டு போவது?

முதலில் அருகில் உள்ள அரசு கால்நடை ஆஸ்பத்திரி. ஆடு, மாடு பார்க்கும் இடம்தானே என்று நினைக்க வேண்டாம். வலிக்கு ஊசியும், அடுத்து எங்கே போவது என்ற யோசனையும் அங்கே கிடைக்கும். தமிழ்நாட்டில் கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற எண்ணும் இருக்கிறது.

எக்ஸ்ரே, மயக்க மருந்து, ஆபரேஷன் என்றால் பெரிய ஆஸ்பத்திரிதான். இதில் ஜோலார்பேட்டைக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். 1864-ல் இங்கிருந்து பெங்களூருக்கு ரெயில் பாதை போட்டதிலிருந்து ஊரே ஜங்ஷன்தான். ஒரு பக்கம் போனால் சென்னை வேப்பேரி. அங்கே உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் ஆரம்பித்தது. மறுபக்கம் போனால் பெங்களூர் ஹெப்பாளில் இன்னொரு கால்நடைக் கல்லூரி. இரண்டில் பெங்களூர்தான் பக்கம். ரெயிலில் பிராணிகளைக் கொண்டு போகத் தனி விதிகள் உண்டு. புறப்படும் முன் ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பயணத்துக்கு ஓர் அட்டைப் பெட்டி போதும். காற்றுக்கு ஓட்டை போட்டு, அடியில் மடித்த துண்டு விரியுங்கள். வழுக்காமல் இருப்பதுதான் முக்கியம். இரண்டு பக்கமும் துணியைச் சுருட்டி அணை கொடுத்தால் பெட்டி ஆடும்போது முயல் சாயாது. கூடவே ஒரு கைப்பிடி புல்.

சித்திரை, வைகாசி வெயிலில் இன்னும் ஜாக்கிரதை. வேலூர் சீமை வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முயலுக்கு வியர்க்காது. காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். ஈரத் துணியால் காதைத் துடையுங்கள்.

செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சந்தையில் வாங்கிய விலையைவிட வைத்தியச் செலவு பல மடங்கு ஆகும். வெள்ளையனின் வீட்டிலும் அம்மா பர்ஸைப் பார்ப்பாள். மகளின் முகத்தைப் பார்ப்பாள். "ஒரு முயலுக்காகவா?" என்று அக்கம்பக்கம் கேட்கும். முயல் 8 முதல் 10 வருஷம் வாழக்கூடிய பிராணி. வாங்குகிற அன்றே இந்தக் கேள்வியை யோசித்திருக்க வேண்டும். எவ்வளவு முடியும் என்று டாக்டரிடமே வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். முடிந்த வழியை அவர் சொல்லுவார்.

ஒன்று மட்டும் செய்யக் கூடாது. வலியோடு கூண்டில் போட்டுவிட்டு, "கிடக்கட்டும்" என்று விடுவது. பிராணிகளை வதைப்பதைத் தடுக்க 1960-ல் சட்டம் வந்தது. அதற்காக மாநிலங்களவையில் வாதாடியவர் நாட்டிய மேதை ருக்மிணி தேவி அருண்டேல்.

ஆறு வாரச் சிறை

டாக்டர் மூட்டை உள்ளே தள்ளிவிட்டார். மீண்டும் எக்ஸ்ரே எடுத்துச் சரிபார்த்தும் விட்டார். சில நாட்களுக்குக் காலை மடக்கித் தூளி போன்ற கட்டும் போடுவதுண்டு. இனி வேலை வீட்டாருக்குத்தான்.

நான்கு முதல் ஆறு வாரம் முயல் ஓடக் கூடாது, தாவக் கூடாது. நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். தாவ உயரம் இருக்கக் கூடாது. கம்பித் தளத்தை எடுத்து எறியுங்கள். அல்லது அதன்மேல் பலகை போட்டு, வைக்கோலும் பழைய பருத்திப் புடவையும் விரியுங்கள்.

தோல் ஊர்களில் ஓர் எச்சரிக்கை. தொழிற்சாலையில் மிஞ்சும் மெத்தென்ற தோல் துண்டுகளை விரித்துவிடாதீர்கள். முயலுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். எது கிடைத்தாலும் கொறிக்கும். பதனிட்ட தோலில் குரோமியம் போன்ற ரசாயனம் இருக்கிறது. அதேபோல, தோல் ஷெட் கழிவு ஓடும் வாய்க்கால் ஓரத்துப் புல்லும் வேண்டாம். பாலாற்றுக் கழிவுநீர்ப் பிரச்சினை சுப்ரீம் கோர்ட்டு வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்தது பலருக்கு நினைவிருக்கும்.

தீனி? காய்ந்த புல் எப்போதும் முன்னால் இருக்க வேண்டும். அறுகம்புல், வேலிமசால், முள்ளங்கித் தழை, கொத்தமல்லி கொடுக்கலாம். காரட் கொஞ்சமாக. சோறு, பிஸ்கட், பால் வேண்டாம். தானாகத் தின்னாவிட்டால் முயல் தீனியை வெந்நீரில் ஊறவைத்து, கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தோரமாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் மூச்சுக் குழாயில் போய்விடும். தண்ணீரைத் தட்டையான மண் சட்டியில் வையுங்கள். கழுத்தை எக்காமல் குடிக்கும்.

அடுத்தது, கேட்டால் முகம் சுளிப்பீர்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். முயல் இரண்டு விதமாகக் கழிக்கும். ஒன்று உருண்டைப் புழுக்கை. இன்னொன்று திராட்சைக் கொத்துபோல மெதுவாக, பளபளவென்று இருக்கும். அந்த இரண்டாவதை முயல் குனிந்து தானே தின்றுவிடும்! அதில்தான் அதற்கு வேண்டிய சத்து இருக்கிறது. கால் முடியாத முயலால் குனிய முடியாது. அந்தக் கொத்து உடம்பில் ஒட்டிக் கிடந்தால், எடுத்து அதன் வாய்க்குப் பக்கத்தில் வையுங்கள். அருவருப்பு நமக்குத்தான். அதற்கு அது அமுதம்.

சிறுநீர் பட்ட இடத்தில் ரோமம் உதிர்ந்து புண்ணாகும். அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். முழுக் குளியல் வேண்டாம். ஈ மொய்த்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். தினம் இரண்டு தடவை வாலுக்குக் கீழே புரட்டிப் பார்க்க வேண்டும். இது சிறுமிக்கு ஏற்ற வேலை. பாட்டியின் கண்ணுக்குத் தப்புவது அவள் கண்ணுக்குத் தப்பாது.

சிறுநீர் சிவப்பாக இருந்தால் உடனே பதற வேண்டாம். தின்ற தழையைப் பொறுத்து முயலுக்கு அப்படி நிறம் மாறுவது உண்டு. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் காட்டலாம்.

மூட்டு நிற்காவிட்டால்?

சில முயல்களுக்கு மூட்டு மறுபடியும் நழுவிவிடும். அப்போது தொடை எலும்பின் பந்து முனையை வெட்டி எடுத்துவிடும் ஆபரேஷன் உண்டு. கேட்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால், எடை குறைந்த பிராணி என்பதால் சுற்றியுள்ள சதையே ஒரு போலி மூட்டாக மாறித் தாங்கிக்கொள்ளும். கொஞ்சம் நொண்டலாம். வலி இருக்காது.

அதுவும் முடியாத நிலையில்தான் காலை எடுப்பார்கள். அப்படி எடுத்தால், மிஞ்சிய பாதத்தின் அடியில் பாரம் கூடும். புண் வராமல் மெத்தென்ற தரை வேண்டும். எடை ஏறவிடக் கூடாது.

மூன்று கால் முயலுக்கு இன்னொரு சின்னக் குறையும் உண்டு. முயல் பின்னங்காலால்தான் காதைச் சொறிந்து சுத்தம் செய்யும். கால் போன பக்கத்துக் காதைச் சொறிய வழி இல்லை. காது அரிக்கும்போது, இல்லாத கால் இருப்பதாக நினைத்து, மிஞ்சிய குட்டைத் தொடையை வேகவேகமாக ஆட்டும்.

அப்போது பக்கத்தில் இருப்பவர்கள் விரலைக் காதுக்குப் பின்னால் வைத்து மெதுவாகச் சொறிந்துவிட வேண்டும். முயல் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, கை எடுக்கும் வரை நகராமல் இருக்கும்.